கொள்ளைநோயும் அரசின் கையும்

தொற்றுநோய் ஒன்று ஊருக்குள் நுழைந்துவிட்டால் அரசு என்ன செய்ய வேண்டும்? விடை எளிது என்றே பலரும் எண்ணுவர். நோயாளிகளைப் பிரித்து வைக்க வேண்டும். வீடுகளைச் சோதிக்க வேண்டும். ஊசி போட வேண்டும். மறுப்பவர்களைத் தண்டிக்க வேண்டும். உயிர் காக்கும் வேலையில் தாட்சணியம் பார்க்கலாமா என்று கேட்போரும் உண்டு. இதற்கு நேர்மாறாக, நோய் அவரவர் சொந்த விஷயம், அரசுக்கு அதில் என்ன வேலை என்று கேட்போரும் உண்டு.

இரண்டு விடைகளையும் மனித குலம் சோதித்துப் பார்த்திருக்கிறது. அந்தச் சோதனைகளுள் மிகப் பெரிய ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. நூற்று இருபது ஆண்டுகளுக்கும் முன் பம்பாயிலும் புனேயிலும் நடந்தவற்றை அறிந்துகொண்டால், அரசின் அதிகாரம் எந்த இடத்தில் மருந்தாகிறது, எந்த இடத்தில் நஞ்சாகிறது என்பது நமக்கு ஓரளவு விளங்கும்.

மாண்டவியில் தொடங்கியது

1894-ஆம் ஆண்டில் ஹாங்காங் நகரில் பிளேக் நோய் பரவியது. அங்குதான் அலெக்சாந்தர் எர்சின் என்னும் அறிஞர் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே நோய் பம்பாய்த் துறைமுகத்தை எட்டியது. 1896 செப்டம்பரில், தானியக் கிடங்குகளும் நெருக்கமான குடியிருப்புகளும் நிறைந்த மாண்டவிப் பகுதியில், அக்காசியோ வீகாஸ் என்ற மருத்துவர் ஒரு நோயாளியைச் சோதித்தார். கடும் காய்ச்சல், உடலில் நெறி கட்டியிருந்தது. இது பிளேக் என்று அவர் அறிவித்தார்.

பம்பாய் நகராட்சி உடனே செயலில் இறங்கியது. அக்டோபர் மாதம் ஆணையர் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். பிளேக் கண்டதாக ஐயம் ஏற்பட்டால், நோயாளியோ குடும்பத்தாரோ விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம் என்றது அந்த அறிவிப்பு. விளைவு என்ன தெரியுமா? மக்கள் நோயாளிகளை ஒளித்து வைக்கத் தொடங்கினர். மருத்துவமனைக்குப் போனவர் உயிரோடு திரும்புவதில்லை என்ற பேச்சு எங்கும் பரவியது. அக்டோபர் 29 அன்று ஆலைத் தொழிலாளர்கள் பெருங்கூட்டமாகத் திரண்டு ஆர்தர் ரோடு மருத்துவமனையைத் தாக்கினர். நகரைத் துப்புரவு செய்யும் தொழிலாளர்களும் ஊரைவிட்டு ஓடிவிடுவார்களோ என்ற அச்சம் ஆணையருக்கு ஏற்பட்டது. அவர்கள் போய்விட்டால் பம்பாயில் பிளேக்கோடு மற்ற நோய்களும் சேர்ந்துகொள்ளும் அல்லவா? ஆகவே அவர் தம் ஆணையின் கடுமையைத் தளர்த்தினார்.

மக்கள் நகரைவிட்டு வெளியேறினர். எட்டரை லட்சம் பேர் வாழ்ந்த பம்பாயில், 1897 தொடக்கத்திற்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் வெளியே போய்விட்டனர். நோய்க்கு அஞ்சி ஓடியவர்களும் உண்டு. அதிகாரிகளுக்கு அஞ்சி ஓடியவர்களும் உண்டு. அவர்களுடைய மூட்டை முடிச்சுகளோடு பிளேக்கும் பயணம் செய்தது.

நான்கே பிரிவுகள்

இந்தியக் கப்பல்களை உள்ளே விடமாட்டோம் என்று ஐரோப்பிய நாடுகள் அச்சுறுத்தின. பிளேக்கைப் பற்றி ஆராய 1897-இல் வெனிஸ் நகரில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. வணிகம் நின்றுவிடும் என்ற கவலை ஆங்கில அரசை வாட்டியது. அந்த அவசரத்தில், 1897 பிப்ரவரி 4 அன்று தொற்றுநோய்கள் சட்டம் நிறைவேறியது.

மிகச் சிறிய சட்டம் அது. நான்கே பிரிவுகள். ‘அபாயகரமான தொற்றுநோய்’ பரவும்போது, வழக்கமான சட்டங்கள் போதா என்று அரசு கருதினால், தேவை என்று தான் நினைக்கும் எந்த விதியையும் பிறப்பிக்கலாம். மீறுவோருக்குத் தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் இச்சட்டத்தின்கீழ் எதைச் செய்தாலும் அதிகாரிகள்மீது வழக்குத் தொடர முடியாது. சட்டத்தின் சாரம் இவ்வளவே.

அதில் என்னென்ன இல்லை என்பதையும் கவனியுங்கள். அபாயகரமான நோய் எது என்ற விளக்கம் இல்லை. அதிகாரம் எத்தனை நாளைக்கு என்ற வரம்பு இல்லை. இழப்பு நேர்ந்தால் ஈடு பெறும் உரிமை இல்லை. பிடித்துச் செல்லப்படும் நோயாளிக்கு அரசு என்ன செய்யக் கடமைப்பட்டது என்று ஒரு வரிகூட இல்லை. அதிகாரத்தைத் தரும் பக்கம் முழுதும் எழுதப்பட்டது. அதற்கு எல்லை கட்டும் பக்கம் வெற்றுத்தாளாகவே விடப்பட்டது.

புனே நகரில்

வெற்றுத்தாளில் என்ன எழுதப்படும் என்பதைப் புனே காட்டியது. 1897 பிப்ரவரியில் அங்கு பிளேக் ஒழிப்புக்கெனத் தனிக் குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் டபிள்யூ. சி. ராண்ட் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. மார்ச்சு நடுவிலிருந்து மே மாதம் வரை ஆங்கிலச் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை செய்தனர். அடுப்படி, பூசையறை, பெண்கள் இருக்கும் உள்ளறை என்ற வேறுபாடு பார்க்கப்படவில்லை. நெறி கட்டியிருக்கிறதா என்று பார்க்க, ஆணும் பெண்ணும் அக்குளையும் தொடை இடுக்கையும் காட்ட வேண்டியிருந்தது. நோயாளி மருத்துவமனைக்கும், அவர் வீட்டார் தனிமை முகாமுக்கும் அனுப்பப்பட்டனர். துணிமணிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் தீக்கிரையாயின.

இதே வேளையில் இந்நோயை வேறு வழியில் எதிர்த்து நின்றவர்களும் இருந்தனர். சாவித்திரிபாய் பூலே, தம் வளர்ப்பு மகன் நடத்திய சிகிச்சை நிலையத்தில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். தாமும் நோய் தொற்றி 1897 மார்ச்சு 10 அன்று உயிர் நீத்தார். அரசின் நடவடிக்கைகளைத் தம் ‘கேசரி’ இதழில் கடுமையாகத் தாக்கி எழுதிய திலகர், புனேயை விட்டு ஓடவில்லை. இந்துக்களுக்கென ஒரு பிளேக் மருத்துவமனை திறக்க முன்னின்றார். மக்கள் வெறுத்தது மருத்துவத்தை மட்டுமா, அல்லது அது வந்த விதத்தையா என்ற கேள்விக்கு இவ்விரு செய்திகளும் விடை சொல்லும்.

1897 ஜூன் 22. விக்டோரியா அரசியின் வைரவிழாக் கொண்டாட்டம் முடிந்து திரும்பும்போது, ராண்டும் அயர்ஸ்ட் என்ற படை அதிகாரியும் சுடப்பட்டனர். அயர்ஸ்ட் அங்கேயே இறந்தார். ராண்ட் ஜூலை 3 அன்று இறந்தார். தாமோதர் சாபேகரும் அவருடைய தம்பியர் இருவரும் பின்னர்த் தூக்கிலிடப்பட்டனர். திலகர் இராசத் துரோகக் குற்றத்திற்காகப் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். நோயைத் தடுக்கப் புறப்பட்ட திட்டம் கொலையிலும் தூக்குமேடையிலும் சிறைச்சாலையிலும் போய் முடிந்தது.

எலியும் தெள்ளுப்பூச்சியும்

சரி, இத்தனை கடுமையால் பிளேக்காவது ஒழிந்ததா? இல்லை. ஏன் ஒழியவில்லை என்பதை அறிவியல் பின்னர்ச் சொல்லிற்று.

1898-இல் கராச்சியில் பால் லூயி சிமோன் என்ற பிரெஞ்சு அறிஞர் ஓர் எளிய சோதனை செய்தார். பிளேக் கண்ட எலியின் உடலிலுள்ள தெள்ளுப்பூச்சிகளே நோயைப் பரப்புகின்றன என்று அவர் காட்டினார். எலி செத்துக் குளிர்ந்ததும் தெள்ளுப்பூச்சிகள் அதைவிட்டு இறங்கி வேறு உடலைத் தேடுகின்றன. பக்கத்தில் மனிதன் இருந்தால் அவனைக் கடிக்கின்றன; கிருமி அவன் உடலில் ஏறுகிறது. இதைப் பலர் முதலில் நம்பவில்லை. 1905-க்குப் பின் இந்தியாவில் நடந்த விரிவான ஆய்வுகளே இதை ஐயத்திற்கு இடமின்றி நிலைநாட்டின.

இப்போது புனேயை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். நெறிக்கட்டி வகைப் பிளேக் பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கு நேராகத் தொற்றுவதில்லை. ஆகவே நோயாளியை இழுத்துச் சென்றதால் பெரும் பயன் இல்லை. நோய் குடியிருந்தது கூரையிலும் சுவர்ப் பொந்திலும் வாழ்ந்த எலிகளிடம். சாக்கடைகளிலும் வீடுகளிலும் கிருமிநாசினியைக் கொட்டியபோது எலிகள் அடுத்த வீட்டிற்கு ஓடின. அதிகாரிகள் கொடியவர்கள் என்று மட்டும் சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. அவர்களுள் பலர் தாம் உயிர் காப்பதாகவே நம்பினர். அறியாதது ஒன்று இருக்கிறது என்பதையே அவர்கள் அறியவில்லை.

ஆனால் கார்வால், குமாவோன் மலை மக்கள் ஒன்றை அறிந்திருந்தனர். வீட்டில் எலிகள் செத்து விழுந்தால் அவர்கள் ஊரையே காலி செய்து வெளியில் போய்த் தங்குவர். கிருமி என்ற சொல்லை அவர்கள் கேட்டதில்லை. எனினும் அவர்கள் செய்ததே சரியான செயல். அதிகாரம் காது கொடுத்துக் கேட்டிருந்தால் மலைக்குடிகளிடமும் கற்றிருக்கலாம்.

இன்னொரு வழியும் அப்போதே திறந்திருந்தது. பம்பாயில் வால்தெமார் ஹாஃப்கின் என்ற அறிஞர் பிளேக் தடுப்பூசி ஒன்றை உருவாக்கினார். 1897 ஜனவரி 10 அன்று அதை முதலில் தம் உடலிலேயே போட்டுக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில் தாமாக முன்வந்தவர்களுக்குப் போட்டுப் பலனைக் கணக்கிட்டார். இந்த ஊசி கட்டாயமாக்கப்படவில்லை. முழுப் பாதுகாப்பும் தரவில்லை. ஆயினும் பயன் தந்தது. 1902-இல் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் ஒரு புட்டியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேர் வில்வாத நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. அவர் குற்றமற்றவர் என்பது வெளிப்பட 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்குள் ஊசியின்மீது இருந்த நம்பிக்கை குலைந்துவிட்டது. நம்பிக்கையை ஒரு நாளில் இழந்துவிடலாம். திரும்பப் பெறப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

1898 மார்ச்சில் பம்பாயிலும், 1900 ஏப்ரலில் கான்பூரிலும் கலவரங்கள் மூண்டன. அரசு தன் வழியை மாற்றிக்கொண்டது. வீட்டுச் சோதனைகள் குறைந்தன. வைத்தியர்களும் ஹக்கீம்களும் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஊசியும் ஊரைக் காலி செய்வதும் மக்கள் விருப்பத்திற்கு விடப்பட்டன. பிளேக் உடனே ஓய்ந்துவிடவில்லை. 1907-ஆம் ஆண்டில் மட்டும் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோரை அது கொன்றது. 1896-க்குப் பின்வந்த சில பத்தாண்டுகளில் இந்தியாவில் அதற்குப் பலியானோர் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர். மென்மையால் நோய் ஒழிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வன்மையால் அது ஒழியவில்லை என்பதும், வன்மை புதிய துன்பங்களைச் சேர்த்தது என்பதுமே இங்கு நாம் காணும் உண்மை.

அதே ஆண்டில் இங்கிலாந்தில்

இதே ஆங்கிலேயர் தம் சொந்த நாட்டில் என்ன செய்தனர்? இங்கிலாந்தில் 1853-ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகளுக்கு அம்மை குத்துவதைக் கட்டாயமாக்கியது. 1867-இல் தண்டனைகள் கடுமையாயின. பணக்காரன் அபராதம் கட்டிவிட்டுப் போவான்; ஏழைத் தொழிலாளி சிறைக்குப் போவான். எதிர்ப்பு வளர்ந்தது. 1885-இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரக்கணக்கானோர் ஊர்வலம் சென்றனர்.

லெஸ்டர் நகரம் எதிர்த்ததோடு நிற்கவில்லை. மாற்று வழியும் கண்டது. பெரியம்மை கண்டால் உடனே தெரிவிப்பது, நோயாளியைத் தனி மருத்துவமனையில் வைப்பது, அவருடன் பழகியவர்களைக் கண்காணிப்பது, வீட்டைத் துப்புரவாக்குவது ஆகியவையே அந்த வழி. மருத்துவமனைப் பணியாளர்கள் மட்டும் அம்மை குத்திக்கொண்டனர். லெஸ்டர்க்காரர்கள் தடுப்பூசியைப் பழித்துப் பேசியவற்றில் பல பிழையானவை. ஆனால், நோயாளியை விரைவில் கண்டுபிடித்து அவரைச் சுற்றி அரண் அமைப்பது என்ற அவர்கள் வழியின் ஒரு பகுதி, பிற்காலத்தில் தடுப்பூசியோடு கைகோத்துப் பெரியம்மையை உலகைவிட்டே விரட்டியது. 1970-களில் இந்தியாவில், அம்மை கண்டவரைப் பற்றித் தகவல் தந்தவருக்குப் பரிசுப் பணம் வழங்கப்பட்டது. புனேயில் ஒளித்து வைக்கப்பட்ட நோயாளியை, இங்கே மக்களே அடையாளம் காட்டினர். 1980 மே மாதம் பெரியம்மை ஒழிந்தது என உலகச் சுகாதாரப் பேரவை அறிவித்தது.

லண்டன் பாராளுமன்றம் 1898-இல் சட்டத்தைத் திருத்தியது. மனச்சாட்சிப்படி அம்மை குத்த மறுக்கும் பெற்றோர் விலக்குப் பெறலாம் என்றது. ஆண்டைக் கவனியுங்கள். வாக்குரிமை பெற்ற லெஸ்டர் தொழிலாளியின் மனச்சாட்சிக்குச் சட்டம் இடம் கொடுத்தது; அதற்கு முந்தைய ஆண்டில்தான் புனே வீடுகளின் கதவுகள் உடைந்தன. கேள்வி கேட்க முடிந்த இடத்தில் அரசு வரம்போடு நடந்தது. கேட்க முடியாத இடத்தில் வரம்பை மறந்தது.

ஐந்து டாலர் அபராதம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் 1902-இல் பெரியம்மை பரவியது. ஊர்மக்கள் அனைவரும் அம்மை குத்திக்கொள்ள வேண்டும் என்று நகரச் சுகாதாரக் குழு ஆணையிட்டது. ஜேக்கப்சன் என்ற போதகர் மறுத்தார். அவருக்கு ஐந்து டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 1905-இல் ஒன்பது நீதிபதிகளுள் எழுவர் அரசின் பக்கம் தீர்ப்பளித்தனர்.

அத்தீர்ப்பின் நடுநிலை வியக்கத்தக்கது. ஒருவருடைய சுதந்திரம் பிறருக்குக் கேடு செய்யும் சுதந்திரம் ஆகாது. ஆகவே சமூகம் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்றது. அதே மூச்சில், அந்த அதிகாரம் மனம்போன போக்கில், தேவைக்கு மிஞ்சிச் செலுத்தப்பட்டால் நீதிமன்றம் தலையிடும் என்றும், உடல்நிலை இடந்தராதவரை வற்புறுத்தக் கூடாது என்றும் சொன்னது. மறுத்தவருக்குத் தண்டனை அபராதமே; யாரும் அவரைக் கட்டிப்பிடித்து ஊசி குத்தவில்லை.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. 1927-இல் அதே நீதிமன்றம், மனவளர்ச்சி குன்றியவர் எனக் கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வது சரியே என்று தீர்ப்பளித்தபோது, ஆதாரமாகக் காட்டியது இந்த அம்மை வழக்கைத்தான்! நெருக்கடிக்கென்று தந்த அதிகாரம் நெருக்கடியோடு போய்விடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கைகட்டி நின்றாலும் தவறே

இவ்வளவும் படித்தபின், அரசு ஒதுங்கியிருப்பதே நல்லது என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. 1918-ஐப் பாருங்கள். அவ்வாண்டு பம்பாய் வழியாக நுழைந்த இன்ஃபுளுவென்சா சில மாதங்களில் இந்தியாவில் கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. போர்க்களத்திற்குச் சென்ற மருத்துவர்கள் போக எஞ்சியவர்கள் சிலரே. அரசால் செய்ய முடிந்தது சொற்பம். பல இடங்களில் தொண்டர்களே மருந்தும் உணவும் கொண்டுசென்றனர். 1911-க்கும் 1921-க்கும் இடைப்பட்ட பத்தாண்டில் இந்திய மக்கள்தொகை வளரவில்லை, குறைந்தது. நம் கணக்கெடுப்பு வரலாற்றில் அப்படிக் குறைந்த பத்தாண்டு அது ஒன்றே. பிளேக்கின்போது வேண்டாத இடத்தில் நுழைந்த அரசு, இன்ஃபுளுவென்சாவின்போது வேண்டிய இடத்தில் இல்லை.

எல்லைக் கோடு எங்கே?

வரம்புள்ள அரசு என்றால் வலுவற்ற அரசு என்று பொருளன்று. கிருமியை ஆராய்வது, உண்மையான எண்ணிக்கையை வெளியிடுவது, குடிநீரைக் காப்பது, மருத்துவமனை நடத்துவது, தனித்து வைக்கப்பட்டவரின் அடுப்பு எரியச் செய்வது ஆகியவை தனிமனிதரால் ஆகக்கூடியவை அல்ல. இவற்றில் அரசின் கை வலுவாகவே இருக்க வேண்டும். குடிமகனின் உடலையும் வீட்டையும் தொடும்போதுதான் அந்தக் கை தயங்க வேண்டும். அப்போது அது சில கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டது. இந்நடவடிக்கை நோயைத் தடுக்கும் என்பதற்குச் சான்று என்ன? இதைவிட மென்மையான வழி இல்லையா? எத்தனை நாளைக்கு? இழப்பை ஈடு செய்வது யார்? தவறு நேர்ந்தால் மக்கள் எங்கே முறையிடுவது?

1939-ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. யாருக்கு என்ன கடமை, என்ன அதிகாரம் என்பதை அது விரிவாகப் பிரித்துச் சொல்லியது. எனினும் நான்கு பிரிவுச் சட்டம் ஏட்டில் அப்படியே இருந்தது. 2020-இல் கொரோனா பரவியபோது மாநிலங்கள் மீண்டும் அதைக் கையிலெடுத்தன. அவ்வாண்டு மார்ச்சு 24 இரவு, நான்கு மணி நேர அவகாசத்தில், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் நாடு முழுதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. வேலையும் கூலியும் இழந்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கல் தொலைவு நடந்தே ஊர் திரும்பினர். அவர்கள் எப்படிச் சாப்பிடுவார்கள், எப்படி ஊர் சேர்வார்கள் என்ற கேள்விகள் ஆணைக்கு முன்பே கேட்கப்பட வேண்டியவை. 1897-ஆம் ஆண்டுச் சட்டம் 2020-இல் திருத்தப்பட்டது. மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்குக் கடுந்தண்டனை சேர்ந்தது. அது தேவையான திருத்தமே. ஆனால் அரசின் அதிகாரத்திற்கு எல்லை கட்டும் பக்கம் அப்போதும் நிரப்பப்படவில்லை. அதில் ஒரு வரியை உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் எழுதியது. யாரையும் தடுப்பூசி போட்டுக்கொள்ள வற்புறுத்த முடியாது. உடலின் மீதான உரிமை அரசியலமைப்பு தந்த உரிமை. ஆயினும் பொது நலன் கருதி, அளவுக்கு மிஞ்சாத கட்டுப்பாடுகளை அரசு விதிக்கலாம் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

மாணவர்களே, தடுப்பூசி போட்டுக்கொள்வதும், காய்ச்சல் கண்டால் பிறரைவிட்டு விலகியிருப்பதும் நம் கடமைகள். அவற்றை மனமறிந்து செய்யும் மக்கள் எந்த அளவு பெருகுகிறார்களோ, அந்த அளவு அரசு கதவை உடைக்க வேண்டிய தேவை குறையும். அடுத்த கொள்ளைநோய் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது வருவதற்கு முன்னமே, ஊர் அமைதியாக இருக்கும் காலத்திலேயே, விடுபட்ட அந்தப் பக்கத்தை நாம் எழுதி முடிக்க வேண்டும். காய்ச்சலும் பீதியும் சூழ்ந்த நேரத்தில் நல்ல சட்டம் எழுத முடியாது என்பதற்கு 1897 பிப்ரவரியே சாட்சி.